காணொளியில் அசைவை விவரித்தல்: சுங்கை சிப்புட் கணினி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கணினி வகுப்பு நடத்தி வருகிறேன். மற்ற நாட்களில் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் பழுதுபார்க்கவும் போகிறேன். இரண்டு இடங்களிலும் வருகிற ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். படிவம் ஐந்து மாணவர், தோட்டத்துக் காவலர், செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை மேற்பார்வையாளர், சிலம்ப ஆசான் என்று கேட்கிறவர்தான் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே தந்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இருக்கின்றன.

“அசைவை விவரிப்பது என்றால் என்ன சார்? ‘ஒருவர் நடந்து போகிறார்’ என்று எழுதி வைப்பதா?”

அப்படி எழுதுவது கடைசியில் கிடைக்க வேண்டிய முடிவு. விவரிப்பு அதற்கு முந்திய படி. காணொளியின் ஒரு துண்டில் எந்தப் பகுதி, எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் நகர்ந்தது என்பதைக் குறிப்பிட்ட நீளமுள்ள எண் வரிசையாக மாற்றுவதையே இத்துறையில் விவரிப்பு என்கிறார்கள். அந்த எண் வரிசையைப் பார்த்து ‘நடத்தல்’, ‘ஓடுதல்’, ‘குலை வெட்டுதல்’ என்னும் பெயர்களில் ஒன்றைக் கணினி தேர்ந்தெடுப்பது வகைப்படுத்தல்.

தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) செக்ரோலை, அதாவது வேலைப் பதிவேட்டை, நினைத்துக்கொள்ளலாம். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யார் சிரித்தார், யார் சட்டை மாற்றி வந்தார் என்பதெல்லாம் அதில் ஏறுவதில்லை; பெயர், வேலை, அளவு ஆகியவை மட்டும் ஏறும். சம்பளம் போட அவ்வளவு போதும். அசைவு விவரிப்பும் இப்படித்தான், எதைக் குறித்துக்கொள்வது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதில்தான் அதன் திறமை இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து சொல்கின்றன.

“கணினிதான் காணொளி முழுவதையும் வைத்திருக்கிறதே, அதையே நேராகப் பார்த்துச் சொல்லக்கூடாதா?”

கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு சட்டகத்தில் (நம் பேச்சில் ஃபிரேம்) 20,73,600 படப்புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு மூன்று நிற எண்கள். விநாடிக்கு 25 சட்டகங்கள். பத்து விநாடிக் காணொளியைச் சுருக்காமல் விரித்தால் ஏறத்தாழ 156 கோடி எண்கள் கிடைக்கும். அவற்றுள் பெரும்பாலானவை சுவர், தரை, வானம் ஆகியவற்றின் நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவை.

அளவைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று உண்டு. ஒரே ஆள் ஒரே மாதிரி நடந்தாலும், வெயில் மாறினால், சட்டை மாறினால், கேமராவை ஓரடி நகர்த்தினால், அந்த எண்களில் ஏறத்தாழ எல்லாமே மாறிவிடும். நடை மாறவில்லையே! மாறாத அந்த ஒன்றைப் பிடித்துத் தருவதற்குத்தான் விவரிப்பு தேவைப்படுகிறது.

“ஒரு படத்தைப் பார்த்தாலே ஆள் என்ன செய்கிறார் என்று தெரிகிறது. அப்புறம் அசைவு எதற்கு?”

பல வேளைகளில் தெரியும் என்பது உண்மை. நீச்சல் குளத்தில் ஒருவர் கிடைமட்டமாக இருந்தால் அவர் நீந்துகிறார் என்று ஊகிக்க ஒரு படமே போதும். ஆனால் தோட்டத்து வாயிற்கதவு பாதி திறந்திருக்கும் ஒரு படத்தைக் காட்டி, காவலர் அதைத் திறக்கிறாரா, சாத்துகிறாரா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விடை முழுவதும் முன்பின் சட்டகங்களில் இருக்கிறது.

அசைவு மட்டுமே எவ்வளவு சொல்லும் என்பதற்குச் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் ஜோஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் நல்ல சான்று. ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை வைத்து, மற்ற அனைத்தையும் இருட்டாக்கிப் படம் பிடித்தார். படத்தை நிறுத்தி வைத்தால் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். ஓடவிட்டால் பார்ப்பவர்கள் நொடிப்பொழுதில் ‘ஆள் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டார்கள். முகமும் உடையும் இடமும் இல்லாமலேயே நடை தெரிந்துவிட்டது.

“இரண்டு படங்களுக்கு இடையே எது எங்கே நகர்ந்தது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?”

மிக எளிய வழி, ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததைக் கழிப்பது. மாறிய இடம் வெளிச்சமாகவும் மாறாத இடம் கறுப்பாகவும் வரும். ‘ஏதோ நகர்ந்தது’ என்பதற்கு இது போதும், திசையைச் சொல்லாது. திசையும் வேகமும் வேண்டுமானால் ஒளிப்பாய்வு என்னும் முறைக்குப் போக வேண்டும். அது சட்டகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறிய அம்பை வரைவதைப் போன்றது. அம்பின் திசை நகர்ந்த திசை, அதன் நீளம் நகர்ந்த தொலைவு. 1981இல் ஹார்ன், ஷங்க் இருவரும் ஒரு வழியையும், லூகாஸ், கனாடே இருவரும் இன்னொரு வழியையும் வெளியிட்டார்கள். பின்னால் வந்தவை பெரும்பாலும் இவற்றின் மேல் கட்டப்பட்டவை. நகர்ந்த புள்ளி தன் வெளிச்ச அளவை மாற்றிக்கொள்ளாது என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான அடிப்படை எண்ணம். மேகம் சூரியனை மறைக்கும் கணத்தில் இது பொய்த்துப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். காவலரின் கேள்வியில் இது திரும்ப வரும்.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. கொடியில் காயும் கோடு போட்ட கைலியை, கையைக் குழலாக மடக்கி அந்தச் சிறு துவாரம் வழியாகப் பாருங்கள். கோடுகள் செங்குத்தாக இருக்க, கைலி மேலும் கீழும் இழுக்கப்பட்டால் உங்களுக்கு எதுவும் நகர்ந்ததாகவே தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தால் மட்டுமே தெரியும். துவாரத்தை அகலமாக்கி, கைலியின் ஓரம் கண்ணில் பட்டவுடன் சரியான திசை விளங்கிவிடும். கணினியும் ஒவ்வொரு புள்ளியையும் இப்படிப்பட்ட துவாரம் வழியாகத்தான் பார்க்கிறது. லூகாஸ், கனாடே முறை, அக்கம்பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகவே நகரும் என்று எடுத்துக்கொண்டு துவாரத்தை அகலமாக்குகிறது. ஹார்ன், ஷங்க் முறை, படம் முழுவதிலும் அம்புகள் திடீரென்று மாறாமல் மெல்ல மெல்ல மாற வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கிறது.

“சார், அந்த அம்புகளை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் வேலை முடிந்ததுதானே?”

வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், கேட்பது நல்லதும்கூட. எழுந்து நின்று கையசைத்துக் காட்டுங்கள். கை வலப்பக்கம் போனபோது கிடைத்த அம்புகளும் இடப்பக்கம் திரும்பியபோது கிடைத்த அம்புகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். சராசரி சுழியம். சும்மா நிற்கிறவருக்கும் சராசரி சுழியம்தான். ஆக, கையசைப்பவரும் சிலைபோல் நிற்பவரும் கணினிக்கு ஒன்றாகிவிடுவார்கள்.

அதனால் கூட்டுவதற்குப் பதிலாக எண்ணுகிறார்கள். திசைகளை எட்டுப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு அசைவு விழுந்தது என்று குறிக்கிறார்கள். அசையாதவற்றுக்கு ஒன்பதாவது பெட்டி. கையசைப்பில் இட, வலப் பெட்டிகள் இரண்டும் நிரம்பும். நடையில் ஒரு பக்கப் பெட்டி மட்டும் பெரிதாகும். நிற்பவருக்கு ஒன்பதாவது மட்டும். படத்தையும் நேரத்தையும் சிறு கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு தொகுதிப் பெட்டிகள் வைத்தால், எந்த இடத்தில், எந்த வேளையில் என்பதும் ஓரளவு தங்கிவிடும். 2011இல் ஹெங் வாங்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அடர்பாதை முறையில் (நெருக்கமாக எடுத்த புள்ளிகள் நகரும் பாதைகளைப் பின்தொடரும் முறை), 2க்கு 2 இடக்கட்டங்கள், 3 நேரக்கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 9 பெட்டிகள் என்று 108 எண்கள் வரும்.

கட்டங்கள் வைக்காமல் ஒட்டுமொத்தமாக எண்ணினால் வரிசை தொலைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குனிந்து எழுந்தவருக்கும் எழுந்து குனிந்தவருக்கும் பெட்டிக் கணக்கு ஒன்றே.

“தம்பி, செம்பனை மட்டை ஆடினாலும் அலாரம் அடிக்குது. மழை பெய்தாலும் அடிக்குது. இதுக்குப் பேரு அறிவுள்ள கேமராவா?”

இரவுக் காவலில் இருக்கும் ஓர் ஐயா கேட்டது. அவருடைய தோட்டத்துக்கு வெளியூர் விற்பனையாளர் ஒருவர் பொருத்திவிட்டுப் போன கேமராக்கள் ஒரே இரவில் பலமுறை அலறியதால், மூன்றாம் நாளே அவர் அலாரத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். திறந்து பார்த்தபோது, அந்தக் கேமராக்கள் முன்பு சொன்ன கழித்தல் முறையை மட்டுமே பயன்படுத்தின என்று தெரிந்தது. மட்டை ஆடினாலும் மாடு போனாலும் மேகம் மறைத்தாலும் கழித்தலுக்கு எல்லாம் மாற்றமே.

இங்கே கைகொடுப்பது பாதை. நகரும் ஒரு புள்ளியைச் சில விநாடிகள் விடாமல் பின்தொடர்ந்து, அது மொத்தம் நடந்த தொலைவையும், புறப்பட்ட இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள நேர்த்தொலைவையும் ஒப்பிடுங்கள். மட்டையின் நுனி காற்றில் எவ்வளவோ தொலைவு ஆடும். ஆனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். வேலியோரம் நடந்து போகிறவருக்கு இரண்டு தொலைவுகளும் ஏறக்குறைய சமம். இந்த ஒரே விகிதத்தைச் சேர்த்தாலே பொய் அலாரங்களில் பெரும்பகுதி போய்விடும். மழைத்துளிகள் ஓரிரு சட்டகங்களுக்கு மேல் தொடர்வதில்லை. ஆகவே குறைந்தபட்ச நேரம் ஒன்றை வைத்தால் அவையும் கழியும். மாடு மட்டும் நம்மைப் போலவே நேராக நடக்கும் பிராணி. அதற்கு உடலின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் கண்டோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவை 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குரிய அமைப்பிலேயே விட்டிருந்ததால், படத்தில் மங்கல் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. மனிதக் கண் பொருட்படுத்தாத அந்தப் பட்டையும் கணினிக்கு அசைவுதான். அமைப்பை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் நின்றது. கண்ணாடிக்கு முன்னால் வலை பின்னியிருந்த சிலந்தியை ஐயாவே துடைப்பத்தால் தட்டிவிட்டார்.

“தைப்பூசத்தில் கைப்பேசியில் எடுத்த காணொளியில் கேமராவே ஆடுகிறதே. காவடி ஆடுவதையும் கை நடுங்குவதையும் எப்படிப் பிரிப்பது?”

கை நடுங்கினால் படம் முழுவதும் ஒரே ஒழுங்கில் நகரும். காவடி எடுப்பவர் ஆடினால் அந்தப் பகுதி மட்டும் தனியே நகரும். பின்னணியிலுள்ள கூரை, கம்பம், சுவர் போன்றவற்றின் புள்ளிகளை இரண்டு சட்டகங்களுக்கிடையே பொருத்தி, கேமரா எப்படி நகர்ந்தது என்று கணித்து, அதை எல்லா அம்புகளிலிருந்தும் கழித்துவிடலாம். மேலே சொன்ன அடர்பாதை முறையின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத்தான் சேர்த்தது. மனித உடல்மீது விழும் புள்ளிகள் பின்னணிக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், ஆள் இருக்கும் பகுதியை முதலில் விலக்கியும் வைத்தது.

இன்னொரு வழி 2006இல் டலால், ட்ரிக்ஸ், ஷ்மிட் மூவரும் சொன்னது. அம்புகளை எண்ணாமல், பக்கத்துப் பக்கத்து அம்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை எண்ண வேண்டும். எல்லாம் ஒன்றாக நகரும் இடத்தில் வேறுபாடு சுழியம் ஆகிவிடும். ஆளின் ஓரத்தில் மட்டும் வேறுபாடு எழும். கேமராவின் நகர்வை வெளிப்படையாகக் கணிக்காமலேயே அதை மறந்துவிடும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தைப்பூசக் கூட்டத்தில் பின்னணி என்று சொல்ல அசையாத பொருள் எதுவுமே இல்லாமல் போகலாம். எல்லாப் பக்கமும் தலைகள் நகரும்போது இரண்டு வழிகளும் தடுமாறும்.

“எத்தனை விநாடி பார்த்தால் செயல் தெரியும்?”

செயலைப் பொறுத்தது. அடர்பாதை முறை 15 சட்டகங்களை எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 25 என்றால் 0.6 விநாடி. கைதட்டலுக்கு அது போதும்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காரர் மரத்தின் முன் நின்று, காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, கத்தியைச் சரிவாக இடமேல் மூலையிலிருந்து வலக்கீழ் மூலைக்கு மெல்ல இழுத்து, பட்டையை மெலிதாகச் சீவி, கோப்பையை நேராக்கிவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கிறார். அரை விநாடித் துண்டில் கையின் சிறு இழுப்பு மட்டுமே தெரியும். அது காய்கறி சீவுவதாகவும் இருக்கலாம். முழுச் சுற்றையும் பார்த்தால், நிற்றல், இழுத்தல், சீவல், நடத்தல், மீண்டும் நிற்றல் என்னும் தாளம் தெரியும். ஆகவே குறுகிய துண்டுகளின் விவரிப்புகளை வரிசை குலையாமல் கோர்க்கும் இரண்டாம் அடுக்கு ஒன்று இத்தகைய வேலைகளுக்குத் தேவை.

“கம்பு வேகமாகச் சுழலும்போது காணொளியில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிகிறதே, கணினியும் ஏமாறுமா?”

சிலம்ப ஆசான் கேட்டது. ஏமாறும், ஐயா, நம்மைவிட எளிதாகவே ஏமாறும். கம்பின் இரு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதால், நடுவைப் பிடித்துச் சுழற்றும்போது அரைச் சுற்று சுற்றியதும் அது பழைய கம்பாகவே தோன்றும். எனவே ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கால் சுற்றைத் தாண்டினால் எந்தப் பக்கம் சுழன்றது என்பது குழம்பிவிடும். விநாடிக்கு 25 சட்டகங்கள் என்றால் எல்லை விநாடிக்கு ஆறேகால் சுற்று. மங்கிய வெளிச்சத்தில் கேமரா தானாகவே 12 சட்டகங்களுக்கு இறங்கிவிட்டால் எல்லை மூன்று சுற்று. ஒரு முனையில் சிவப்புத் துணி கட்டினால் அரைச் சுற்றுக் குழப்பம் நீங்கி எல்லை இரட்டிப்பாகும். கைப்பேசியில் மெதுவோட்டப் பதிவாக 120 சட்டகங்கள் எடுத்தால் இன்னும் நல்லது.

“இதற்கெல்லாம் அனைத்துலகத் தரம் ஒன்றும் இல்லையா?”

இருக்கிறது. எம்பெக்-7 என்னும் அனைத்துலகத் தரத்தின் காட்சிப் பகுதி 2002இல் வெளியானது. காட்சி எவ்வளவு பரபரப்பானது என்பதை 1 முதல் 5 வரை மதிப்பிடுவது, கேமராவின் நகர்வு, ஒரு பொருளின் பாதை, ஒரு பகுதியின் உருமாற்றத்தைச் சமன்பாட்டால் குறிப்பது என்று நான்கு வகை அசைவு விவரிப்புகளை அது வரையறுக்கிறது. காணொளித் தொகுப்பில் தேடுவதற்காக உருவானது அது. ஒருவர் குலை வெட்டுகிறாரா, உரம் போடுகிறாரா என்று சொல்லும் அளவு நுணுக்கம் அதில் இல்லை. இருந்தாலும், பரபரப்பு அளவு ஒன்றை வைத்தே எட்டு மணி நேரப் பதிவில் பார்க்க வேண்டிய சில நிமிடங்களைப் பொறுக்கிவிடலாம். நான் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

“காணொளியைச் சுருக்கும்போதே அசைவு கணக்கிடப்படுகிறதாமே? அதை இலவசமாக எடுத்துக்கொண்டால் என்ன?”

எடுத்துக்கொள்ளலாம். எச்.264 போன்ற சுருக்க முறைகள், 16க்கு 16 முதல் 4க்கு 4 புள்ளிகள் வரையுள்ள கட்டங்களை முந்திய சட்டகத்தில் எங்கிருந்து நகலெடுக்கலாம் என்று தேடி, அந்த இடப்பெயர்ச்சியைப் பதிவிலேயே எழுதி வைக்கின்றன. பழைய கணினியில் ஒளிப்பாய்வைக் கணிக்கும் சுமை மிச்சம்.

ஆனால் அந்த அம்புகள் உண்மையைச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. வெறும் வெள்ளைச் சுவரில் ஒரு கட்டத்துக்கு ஒத்த இன்னொரு கட்டம் எங்கே கிடைத்தாலும் சுருக்கிக்கு மகிழ்ச்சி; அதனால் அசையாத சுவரில் அம்புகள் தாறுமாறாகப் பறக்கும். பரபரப்பு அளவுக்கு இவை போதும். கையின் நுண்ணசைவுக்குப் போதாது.

“இப்போது எல்லாம் ஆழ்கற்றல்தானே. கணினி தானே கற்றுக்கொள்ளும்போது இந்தப் பழைய கணக்கெல்லாம் எதற்கு?”

2014இல் சிமோன்யன், சிஸ்ஸர்மன் இருவரும் வெளியிட்ட இருவழி வலையமைப்பை (வலை என்பது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரல்) எடுத்துக்கொள்வோம். ஒரு வலை ஒற்றைச் சட்டகத்தின் தோற்றத்தைப் பார்த்தது. இன்னொன்று பத்துச் சட்டகங்களின் ஒளிப்பாய்வை மட்டும் பார்த்தது. 101 செயல்களும் 13,320 துண்டுகளும் கொண்ட யூசிஎஃப்101 தொகுப்பில் முதலாவது 73.0 விழுக்காடும், இரண்டாவது 83.7 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 88.0 விழுக்காடும் சரியாகச் சொல்லின. பழைய அம்புகளைக் கொடுத்தபோதுதான் புதிய வலை முந்தியது. பிறகு, நேரத்தையும் மூன்றாவது பரிமாணமாகச் சேர்த்து நேரடியாகச் சட்டகங்களிலிருந்தே கற்கும் வலைகள் வந்தன. அவற்றைப் பயிற்றுவிக்க, 400 செயல்கள், செயலுக்குக் குறைந்தது 400 துண்டுகள், துண்டுக்கு ஏறத்தாழ பத்து விநாடி என்று 2017இல் கைனெட்டிக்ஸ் தொகுப்பு உருவாயிற்று. இன்று புதிதாகத் தொடங்குகிறவரிடம் இத்தகைய ஆயத்த வலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எடுத்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். துண்டின் சட்டகங்களைத் தலைகீழாக அடுக்கிக் கொடுங்கள். ‘கதவைத் திறத்தல்’ என்ற விடை மாறாமல் அப்படியே வந்தால், உங்கள் வலை அசைவைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்துவிட்டு ஊகித்திருக்கிறது. இந்த ஏமாற்றைத் தடுப்பதற்கென்றே, பொருளும் இடமும் எதுவாயிருந்தாலும் செயலை மட்டும் கேட்கும் தொகுப்புகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் ‘ஒன்றை எடுத்தல்’ ஒரு வகை, ‘எடுப்பதுபோல் பாவனை செய்தல்’ இன்னொரு வகை.

“எங்கள் சிலம்பக் காணொளிகளில் எல்லாம் சரியாகச் சொன்ன நிரல், பள்ளித் திடலில் போய் உளறியது ஏன்?”

அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு. வகுப்பு மாணவர்கள் எடுத்த துண்டுகளைக் குலுக்கிப் போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறு பகுதியைச் சோதனைக்கும் பிரித்தேன். ஒரே மாணவர் ஒரே மாலையில் எடுத்த துண்டுகள் இரு பக்கமும் விழுந்துவிட்டன. அலங்காரச் சுற்று எல்லாம் பச்சைத் தரையுள்ள பூப்பந்து மைதானத்திலும், போர்முறை எல்லாம் மண்தரையிலும் எடுக்கப்பட்டிருந்தன. நிரல் சிலம்பத்தைக் கற்கவில்லை; தரையின் நிறத்தைக் கற்றது. திடலில் புல் பச்சையாக இருந்ததால் எல்லாவற்றையும் அலங்காரச் சுற்று என்றது.

சரியான வழி ஆளையும் இடத்தையும் முழுமையாகப் பிரிப்பது. பயிற்சியில் வந்தவர் சோதனையில் வரக்கூடாது. 2004இல் வெளியான கேடிஎச் தொகுப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. நடத்தல், மெல்லோட்டம், ஓடுதல், குத்துவிடுதல், கையசைத்தல், கைதட்டல் என்னும் ஆறு செயல்களை 25 பேர் நான்கு சூழல்களில் செய்தார்கள். ஆட்களையே குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். அதில் மெல்லோட்டமும் ஓட்டமும் அடிக்கடி குழம்பின என்பதில் வியப்பில்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நம்மையே கேட்டால் ஆளுக்கொரு விடைதான் வரும்.

“98 விழுக்காடு துல்லியம் என்று விற்பவர் எழுதித் தருகிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்?”

எந்தத் துண்டுகளில் அளந்தார் என்று முதலில் கேளுங்கள். காரணம் முந்திய பதிலில் இருக்கிறது. அடுத்து ஒரு சிறு கணக்கு. கேமரா பத்து விநாடிக்கு ஒருமுறை தீர்ப்புச் சொல்கிறது என்றால் ஒரு நாளில் 8,640 தீர்ப்புகள். ஒன்றும் நடக்காத துண்டுகளில் இரண்டு விழுக்காடு தவறினாலே நாளுக்கு 170க்கு மேற்பட்ட பொய் அலாரங்கள். உண்மையான அத்துமீறல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. காவலர் துணியைப் போட்டு மூடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கேட்க வேண்டியது, நம் தோட்டத்திலேயே ஒரு வாரம் ஓடவிட்டால் நாளுக்கு எத்தனை பொய் அலாரம், எத்தனை விடுபடல் என்பது.

“புள்ளிகளாக மட்டும் சேமித்தால் முகம் இருக்காது. அப்போது யாருக்கும் பாதகம் இல்லைதானே?”

ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் கேட்டார். தொழிலாளர்கள் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று அளக்க நினைத்தார். அளக்கக் கேட்டவருக்கு என் முதல் பதில், அளக்கப்படுகிறவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்பது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது; 2024ஆம் ஆண்டுத் திருத்தம் உடல், நடத்தைக் கூறுகளிலிருந்து பெறப்படும் உயிரளவைத் (பயோமெட்ரிக்) தரவுகளையும் கூடுதல் கவனத்துடன் காக்க வேண்டிய கூருணர்வுத் தரவு வகையில் சேர்த்துவிட்டது.

முகம் இல்லை என்பதால் அடையாளம் இல்லை என்று ஆகிவிடாது. ஜோஹான்சனின் புள்ளிகளைப் பற்றி மேலே சொன்னேன். அதைப்போன்ற ஒன்றை வகுப்பில் செய்து காட்டினோம். மாணவர்கள் நால்வரை நடக்கவிட்டு, மூட்டுகளை மட்டும் கணினியில் பிரித்தெடுத்து, கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடவிட்டேன். மகனை அழைத்துப்போக வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, மூன்றாவது உருவம் இரண்டடி வைப்பதற்குள், “அது எங்க பையன் தம்பி, வலது காலை இழுத்து வைக்கிறான் பாருங்க, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து அப்படித்தான்” என்றார். வகுப்பு சிரித்தது, அந்தப் பையன் சிரிக்கவில்லை. மறுவாரம் அவனிடம் கேட்டுவிட்டு அந்தத் துண்டைத் தொகுப்பிலிருந்து நீக்கினேன்.